மடக்கிய குடை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் நீளம், ஞாபகம் கம்மி என்று முணுமுணுத்தபடி சடையாண்டி மழையில் நடந்தார். கவர்னர் மாளிகையைத் தாண்டும்போது குடையை மடக்கிவிட வேண்டும் என்பது வெள்ளைக்காரன் போட்ட சட்டம். போன மாதம் அவன் கப்பலேறிவிட்டான். இப்போது ஆளாளுக்குக் குடையை விரித்துக்கொண்டு, வேண்டுமென்றே அந்த வாசலில் நாலு தடவை நடக்கிறார்கள். சடையாண்டி மட்டும் மடக்கினார்.

“பெருசு, விரிச்சுப் பிடி! சுதந்திரம் வந்தாச்சு!” என்று ஒருவன் சிரித்துக்கொண்டே போனான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே குடையை மடக்க மாட்டேன் என்று நின்ற அவர் மகன் நல்லமுத்துவை உள்ளே இழுத்துப் போனார்கள். குடை மட்டும்தான் வெளியே வந்தது.

வாசலில் அதே காவல்காரன். தலையில் தொப்பி மட்டும் புதுசு.

“எம்மவனை எங்கேய்யா வச்சிருக்கீங்க?”

“அது அவங்க ஆட்சியில நடந்தது, பெரியவரே. இப்ப நம்ம ஆட்சி.”

“இழுத்துட்டுப் போனது உன் கைதானே?”

காவல்காரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “குடையை விரிங்க, நனையிறீங்களே.”

“நீ முதல்ல அவனைக் காட்டு” என்றார் சடையாண்டி. குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாளிகை மதில் முடிந்த பிறகும் விரிக்காமலே நடந்தார்.