வெல்லத் தண்ணீர்

குழியில் அமுக்கிப் புளிக்க வைத்திருந்த மக்காச்சோளத் தீவனத்தில், சைலேஜின் மேலடுக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒரு சாண் வழித்து எறிய வேண்டும் என்று தெரியும். மனசு வரவில்லை. கெட்ட வாசம் தெரியாமலிருக்க வெல்லத் தண்ணீர் தெளித்துத் தொட்டியில் கொட்டினேன். என் ஆடுகள் கொட்டிலைத் தாண்டி மேயப் போகாதவை. மோந்து பார்த்துவிட்டு, அடுத்த தொட்டியில் கிடந்த வழக்கமான சோளச் சைலேஜுக்குப் போய்விட்டன. செம்பி என்ற ஆட்டுக்கு மட்டும் கையில் அள்ளி ஊட்டினேன்.

காலையில் செம்பி எழவில்லை.

"ஏனுங்கண்ணா, என்ன போட்டீங்க?" என்றார் வந்து பார்த்த கால்நடை டாக்டரம்மா.

"சோளந்தானுங்க, எப்பவும் போல."

அவர் வாதாடவில்லை. செம்பியின் கழுத்துப்பட்டையை அழுத்தினார். இந்தப் பேச்சுப் பட்டை வந்த பிறகு ஆடுகள் கேட்டதற்கு நம் பேச்சிலேயே பதில் சொல்கின்றன.

"என்ன தின்னே?"

"மக்காச்சோளம். கெட்ட வாசம்."

"அப்புறம் ஏன் தின்னே?"

"இவரு கையில இருந்துச்சு."

டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

என்னைப் பார்த்து மற்ற ஆடுகள் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி என் கையைத் தேடின. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.