நாலேகால் மணி

மரியபுஷ்பத்தின் நெஞ்சில் ஒரு நாள் முழுக்க ஒட்டியிருந்த கருவி வரைந்த கோடுகளையும், அவள் மணிவாரியாக எழுதி வந்த தாளையும் டாக்டரம்மா அருகருகே வைத்துப் பார்த்தார். தாளின் ஓரத்தில் கரிபடிந்த கட்டைவிரல் ரேகை இருந்தது. இதயம் இரண்டு முறை தறிகெட்டு ஓடியிருந்தது.

"நாலு மணிக்கு என்ன செஞ்சீங்க?"

"சன்னலத் தொறந்தேன்."

சன்னலுக்கு வெளியே நிலக்கரி லாரிகள் கரித்தூள் பறக்கப் போகும் சாலை. சன்னலைச் சாத்தியே வைக்கும்படி டாக்டரம்மா சொல்லி மூன்று மாதமாகிறது. திட்டு விழும் என்று மரியபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாலேகாலுக்கு?"

"நீங்க சொன்னது ஞாபகம் வந்து சாத்திட்டேன்."

இரண்டாவது ஓட்டம்தான் நீளமாக இருந்தது.

"சாத்தின பிறகு ஏன் இப்படி?"

"அஞ்சு வண்டி போயிருந்திச்சு. ஆறாவதுதான் எம்மவன் ஓட்டுறது. போன மாசம் வளைவுல ஒரு லாரி கவுந்ததுலேர்ந்து, அவன் தாண்டிப் போறதப் பாக்காம இருக்க முடியலம்மா."

டாக்டரம்மா கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு நாள் கருவிய ஒட்டிப் பாப்போம். இந்தத் தடவ சன்னல..."

திறப்பதா, சாத்துவதா என்று எழுதிக்கொள்வதற்காக மரியபுஷ்பம் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தாள்.