கீறல் சோதனை

நான்குவழிச் சாலைக்காகப் பெயர்த்து வேறிடத்தில் நட்ட மரங்களில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று பார்த்து, சாலைக்குப் பசுமை மதிப்பெண் போட அதிகாரி வந்திருந்தார். ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் பேனாக்கத்தியால் கீறினார். 214ஆம் எண் வேம்பு கிளைகள் வெட்டப்பட்டு முண்டமாக நின்றது. பெயர்த்தபோது கிரேன் சங்கிலி அறுந்து, இந்த மரம்தான் கூலியாள் செங்கோடனை நசுக்கிக் கொன்றது. அதற்கு ஈடாக அவன் மனைவி பாவாயிக்குக் கிடைத்தது, மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. கீறலில் பச்சை தெரிந்தது.

“உயிர் இருக்கு. முழு மார்க்,” என்றார் அதிகாரி.

பாவாயி குடத்தை இறக்கி வைத்தாள். கத்தியைப் பிடுங்கித் தன் முன்கையில் அழுத்தி இழுத்தாள்.

“எனக்கு உசுரு இருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க.”

அவர் மதிப்பெண் தாளைப் பார்த்தார். அவள் அதே கீறலில் இன்னும் ஆழமாக இழுத்தாள்.