தாள் சுற்றிய குப்பி

இரண்டு குப்பிகளிலும் ஒரே நீலச் சாயத் தண்ணீர், கிராஃபீன் என்ற மெல்லிய கரிப் படலத்தில் கோபால்ட் சேர்மம் ஒட்டிய, சாயத்தைச் சிதைக்க வேண்டிய ஒரே கறுப்புத் தூள். ஆய்வு மாணவி பர்வீன் ஒன்றை மட்டும் அலுமினியத் தாளில் சுற்றி, இரண்டையும் விளக்கடியில் வைத்தாள். ஏன் என்று குப்பிகளிடம் யாரும் சொல்லவில்லை.

"என் நீலம் போயே போச்சு! உனக்கு?" என்றது சுற்றாத குப்பி.

"அப்படியேதான் இருக்கு. இங்கே வெளிச்சமே வரல."

"சாக்கு சொல்லாதடா. உன்னைக் கொட்டிடுவா பாரு."

பர்வீன் தாளைப் பிரித்தாள். நீலம் துளியும் குறையவில்லை.

"அப்போ வெளிச்சம் பட்டாத்தான் தூள் வேலை செய்யுது!" என்று அவள் துள்ளினாள். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, குப்பியை மறுபடி விளக்கடியில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளுக்கத் தொடங்கியது.

பக்கத்துக் குப்பி உற்றுப் பார்த்தது. "டேய், உனக்குள்ளேயும் என் தூள்தானா?"