சீக்காளி வீட்டுத் தறி

தறி ஓடும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதன் குடையை மடக்கினார். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து சட்டையை நனைத்திருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பதாகச் சொல்லி உதவித்தொகை வாங்கும் முகம்மது கனியின் வீட்டிலிருந்துதான் அந்தச் சத்தம்.

நெசவாளர் சங்கத்து நோய் நிதியில் பாதி சர்க்கார் பணம். வாங்குகிறவன் நிஜமாகவே சீக்காளிதானா என்று பார்ப்பது இவர் உத்தியோகம். போன மாதம் பாவூர்சத்திரத்தில் ஒரு 'முடவன்' இவரைக் கண்டதும் சுவர் ஏறிக் குதித்து ஓடினான். சூடு கண்ட பூனை, இனி யாரையும் நம்புவதாக இல்லை.

உள்ளே, எலும்பும் தோலுமாகத் தறியில் உட்கார்ந்திருந்தான் கனி. கை மட்டும் நிற்கவில்லை.

“காசநோய்க்காரன் தறி நெய்யுதானோ?”

கனியின் மனைவி நூர்நிஷா பதறி ஓடிவந்தாள். “ரெண்டு மாசமா எந்திரிக்கவே இல்லய்யா. நேத்துதான் தறியில உக்காந்தாவ. யாருக்குன்னு கேட்டா சொல்லமாட்டேங்காவ. உடம்பு தேறிட்டுன்னு நான்கூட சந்தோசப்பட்டேன்.”

“தேறிட்டுல்லா? அப்ப உதவி எதுக்கு? இன்னையோட நிறுத்துதேன்.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மருந்தும் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் அந்தப் பணத்தில்தான். “நிறுத்திராதீயய்யா” என்று அழுதே விட்டாள்.

பால்வண்ணநாதனுக்கும் மனசு இளகத்தான் செய்தது. அதற்குள் தறியிலிருந்த துணி கண்ணில் பட்டது. கட்டம்போட்ட கைலி நெய்கிற தெருவில், கரைகூட இல்லாத வெறும் வெள்ளை. யுத்தத்தில் ஒரு முழம் துணி கிடைக்காமல் ஊரே அல்லாடிக்கொண்டிருந்த நேரம் அது. அவருக்கு மறுபடியும் கோபம் வந்தது.

“கள்ள மார்க்கெட்டுச் சரக்கா? எந்த யாவாரிக்குலே நெய்யுதே?”

கனி குனிந்த தலை நிமிராமல் நெய்துகொண்டே இருந்தான்.

“சொல்லிருங்களேன். நம்ம கஞ்சியில மண்ணு விழுந்துரும்லா” என்று நூர்நிஷா கெஞ்சினாள்.

கனி தறியை நிறுத்தினான். இருமல் அடங்கும்வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“யாவாரத்துக்கு இல்லய்யா... என்னைய அடக்கம் பண்ணுதப்போ சுத்துற கபன் துணி.”