இருபத்து மூன்றாவது புள்ளி

"ஒரு புள்ளியை எடுக்கிறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பேச்சு?"

பெரிய டாக்டர் திரையில் இருந்த வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கவாட்டில் நின்று லேப் பெண் நீட்டிய கண்ணாடித் தகட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போதும் இப்படித்தான். எதிரே வந்தால்தான் ஆள். பக்கத்தில் நின்றால் அவருக்கு அவளும் ஒரு நாற்காலிதான்.

மூளைக்கு அடியில், பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ந்த நாற்பது கட்டிகள். ஒன்றைத் தவிர எல்லாம் அவர் கையாலேயே எடுத்தவை. ரத்தக்குழாயை வளர்க்கும் புரதம் எதில் அதிகமோ அதில்தான் உள்ளே ரத்தம் கசியும் என்பது அவருடைய ஆராய்ச்சி. வரைபடத்தில் கட்டிக்கு ஒரு புள்ளி. முப்பத்தொன்பது புள்ளிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. இருபத்து மூன்று மட்டும் முறைத்துக்கொண்டு தனியாக நின்றது. புரதம் துளிதான், ரத்தமோ கொட்டித் தீர்த்திருந்தது.

"வெளி ஆஸ்பத்திரித் துண்டு. சாயம் சரியா ஏறலை. எடுத்துடு."

"மூணு தடவை ஏத்தினேன் சார். மூணு தடவையும் அதேதான்."

"இப்படி விலகி நின்னா யாரு, என்னன்னு குடைவாங்க. நான் ஆபரேஷன் பண்ணப் போகணும், நேரமாச்சு."

"குடையட்டுமே சார்! ரத்தம் கசிஞ்சு, ரெண்டு கண்ணுலயும் ஓரப்பார்வை போன ஆளு அது. பொய்யா சொல்லப்போறாரு?"

அவளுடைய வேலை நீட்டிப்புப் படிவம் மேஜையில் காத்திருந்தது. அவர் அதை இழுத்தார். 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். கையெழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டி, காகிதத்தின் விளிம்பு வரை ஓடியது. ஒரு கட்டத்துக்குள் அடங்காத திமிர்! அவள் படிவத்தை உருவிக்கொண்டு வெளியேறினாள்.

நடையில் போனை வாயருகே பிடித்தாள். "அக்கா, வேலை போச்சு. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அம்மாகிட்ட இப்போ சொல்லாதே. ஆனா இருபத்து மூணை மட்டும் விடமாட்டேன்க்கா. யாரு பெத்த பிள்ளையோ, மண்டைக்குள்ள இருந்ததை நம்பிக் கொடுத்திருக்கு!"

தியேட்டருக்கு எதிரே இருந்த ரிக்கார்டு அறைக்குள் புயலாக நுழைந்தாள்.

"அண்ணே, இருபத்து மூணோட சம்மதப் படிவத்தை எடுங்க. அந்த ஆளையே தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரப்போறேன்."

"மெதுவாம்மா, உன் மூச்சுல காகிதமெல்லாம் பத்திக்கப் போகுது" என்று குமாஸ்தா சிரித்தபடி படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "பேரெல்லாம் இருக்காது. எண்ணும் கையெழுத்தும்தான்."

அவள் கையெழுத்தைப் பார்த்தாள். வால் கட்டத்தைத் தாண்டி, விளிம்பு வரை ஓடியிருந்தது.

தன் படிவத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே கை.

அவள் வாசலுக்கு ஓடுவதற்குள், எதிரே ஆபரேஷன் தியேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.