நெஞ்சில் ஊதிய பிரான்கா

வேலூர்க்காரன் உலகத்தில் வேறு எந்த ஊரைப் பற்றியும் படிக்க வேண்டியதில்லை. வெயிலையும் கோட்டையையும் ஜெயிலையும் பார்த்து வளர்ந்தவனுக்குத் தட்பவெப்பம், புவியியல், வரலாறு எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டன. ஆம்பூர் ஷூ கம்பெனியின் இண்டர்வியூ பெஞ்சில் உட்கார்ந்தபடி பிரேம்நாத் இதைச் சிரிக்காமல் அறிவிக்கிறான். பிரேசிலில் பிரான்கா என்ற ஷூ ஊருக்கு ஒரே ஒரு ஆளை அனுப்பப்போகிறார்கள்; உள்ளே அந்த ஊரைப் பற்றித்தான் கேட்பார்களாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அவன் அப்பாவோடு டேனரியில் ஈரத்தோல் தூக்க வேண்டும். அது அவன் முழங்காலுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது, நிற்காமல் ஆடுகிறது. மின்விசிறி ஜன்னலில் வரும் தோல் வாடையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுகிறது. பக்கத்தில், அதே வேலைக்கு வந்திருக்கும் கல்லூரித் தோழன் மேல்விஷாரம் வாஹித் பாஷா கண்ணை மூடி முணுமுணுக்கிறான்: "ஆயிரம் மீட்டர் உசரம். ஜூன், ஜூலையில குளிர். முதல்ல மாடு, அப்புறம் காபி, இப்போ ஷூ." முடித்ததும், துஆ என்ற பிரார்த்தனையை ஓதியவன் செய்வதுபோல் காலரை விலக்கி நெஞ்சில் மெல்ல ஊதிக்கொள்கிறான்.

"இன்னா தோஸ்த், ஊரையே ஓதி ஊதிக்கிற? இப்பவே அங்க போய்ட்டியா?"

"பேஜார் பண்ணாத மச்சான், மறந்துடும்."

கதவு திறக்கிறது. "பிரேம்நாத்!" முழங்கால் சட்டென்று நிற்கிறது. எழுந்து போகிறவன், கதவுக்கும் உள்ளே தொங்கும் திரைக்கும் நடுவில் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கணம் நிற்கிறான். உதடு அசைகிறது: ஆயிரம் மீட்டர், குளிர், மாடு, காபி, ஷூ. பிறகு இரண்டு விரலால் காலரை விலக்கி, தலை குனிந்து, நெஞ்சில் ஊதிக்கொள்கிறான்.